எண்ணெய் ஊரின் ஆயில் சந்தேகம்

வெள்ளகோவில்காரர் தேங்காய்ப் பருப்பை ஒடித்துப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்பார். அவரே பிரஷர் வாஷர் வாங்கினால், "புல்லட்டுக்கு ஊத்துன ஆயில் மிச்சம் கெடக்குதுங்க, ஆகாதுங்களா?" என்கிறார். கரண்டில் ஓடும் வாஷரில் இன்ஜினே கிடையாதுங்க. நம் வீடுகளில் பெரும்பாலும் அதுதான். அதற்கும் ஆயில் டப்பாவோடு வருகிறவர்கள் உண்டு. பெட்ரோல் மெஷின் என்றால் மட்டும் பேசலாம். குளிர் நாட்டுக்காரர்கள் 5டபிள்யூ-30 தேடட்டும். நம் சித்திரை வெயிலுக்கு எஸ்ஏஇ 30 தாங்கும், 10டபிள்யூ-30 ஊற்றினாலும் குற்றமில்லை. பம்புக்கு எது என்பதைக் கையேடு தனியாகச் சொல்லும். அந்தக் கையேடு அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரருக்குப் போயிருக்கும். சின்ன இன்ஜின் பிடிப்பது அரை லிட்டர் சொச்சம். காசு கொடுத்த ஆயிலாயிற்றே என்று அளவுக்கோட்டைத் தாண்டி ஊற்றாதீங்க, புகைதான் வரும்.