கப்பலேறிய பொம்மை

தஞ்சாவூரிலிருந்து ஒரு தலையாட்டி பொம்மையை அமெரிக்காவின் ஒகையோவுக்கு ஆன்லைனில் விற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் உலகத்தில் எத்தனை நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். உள்ளூரில் விற்பவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவனுக்கு வாய்த்ததெல்லாம் கடன் சொல்லும் வாடிக்கையாளர்தான்.

முதலில் கூரியர்காரர்கள். பொம்மை காகிதக் கூழால் ஆனது, ஒரு கிலோகூடத் தேறாது. உடையாமல் போக வேண்டுமே என்று 40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள பெட்டியில் பொதிந்து கொடுக்கிறோம். மூன்றையும் பெருக்கி, 5000-ஆல் வகுத்து, 7.2 கிலோ என்று சொல்லிவிடுவார்கள். மீதி ஆறு கிலோ காற்று. காற்றை அடக்கிய சித்தர்கள் இந்த மண்ணில் உண்டு. அதற்குக் கிலோக் கணக்கில் பில் போட்ட ஞானிகள் இவர்கள்தான்.

அடுத்து அமெரிக்க அரசு. 2016 முதல் 800 டாலர் வரையிலான பார்சலுக்கு வரி கேட்காமல் விட்டிருந்தார்கள். இப்படியே போனால் சிறு வியாபாரி சோம்பேறியாகிவிடுவான் அல்லவா? 2025 ஆகஸ்ட் 29-ல் எல்லா நாட்டுக்கும் அந்தச் சலுகையை எடுத்து நம்மைக் காப்பாற்றினார்கள். இரண்டு நாள் முன்பாகவே இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டிருந்தார்கள். வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. அதனால் நம் அஞ்சல் துறையும் ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான பார்சல்களை நிறுத்தி, வியாபாரிகளுக்கு நீண்ட ஓய்வு கொடுத்தது. அந்த ஓய்வுக்குள் நவராத்திரி வந்துபோனது. கொலு பொம்மை விற்பவர்களுக்கு அந்த நேரத்தில் ஓய்வு கிடைப்பது எவ்வளவு அபூர்வம்! அக்டோபர் 15-ல் சேவை திரும்பியபோது, வரியை அங்கே போய்க் கட்ட வேண்டிய சிரமமும் தீர்ந்திருந்தது. அனுப்பும்போது இங்கேயே, நம் கையிலிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

வாங்குபவரின் நல்ல மனசையும் சொல்ல வேண்டும். "பரிசு என்று எழுதி, விலையைப் பத்து டாலராகப் போடுங்களேன்" என்று உரிமையோடு கேட்பார். போட்டோமானால் பொய் அறிக்கை நம் பெயரில். பார்சல் தொலைந்தாலோ, இன்சூரன்ஸ் அந்தப் பத்து டாலரை நாணயமாகத் தந்துவிடும். போடாமல் கூரியரில் அனுப்பினால், அங்கே வரி கேட்டதும் "வேண்டாம்" என்று பற்றற்ற துறவிபோல் திருப்பி அனுப்புவார். பொம்மை ஊர் திரும்பும், கூடவே திரும்பிய செலவும் நம் கணக்கில் ஏறும். நம் சுங்கத் துறையோ, போனதும் வந்ததும் ஒரே பொம்மைதானா என்று காகிதம் கேட்கும். அவ்வளவு பாசம் அந்தப் பொம்மை மேல்.

எல்லாவற்றையும்விடப் பெரியது விற்பனைத் தளத்தின் நீதி. சாட்சி, வாய்தா என்று இழுத்தடிக்கும் வழக்கமே கிடையாது. "கிடைக்கவில்லை" என்று ஒரு வார்த்தை போதும். மலிவான தபாலில் போன பார்சலின் தடம் பல நேரம் எல்லையோடு நின்றுவிடுவதால் எதிர்வாதத்துக்கும் இடமில்லை. வந்ததை ஒப்புக்கொள்கிற நேர்மையாளர்களுக்கு "படத்தில் இருந்த சிவப்பு இல்லை" என்ற வழி திறந்திருக்கிறது. திருப்பி வாங்கலாம்தான்; ஆனால் அதற்கான தபால் செலவு பொம்மையின் விலையைத் தாண்டும். ஆகவே பணத்தையும் கொடுத்து, பொம்மையையும் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். கர்ணன்கூடக் கேட்டதைத்தான் கொடுத்தான். பேபாலில் இப்படிப் புகார் சொல்ல வாங்கியவருக்கு 180 நாள் அவகாசம் உண்டு. வந்த பணத்தை வங்கியிலிருந்து எடுத்து, பொம்மை செய்தவருக்குக் கூலி கொடுத்து, மறந்தும் போன பிறகு கணக்கு மைனஸில் போகும்.

இத்தனைக்கும் பிறகு வாங்கியவர் நம்மை மறப்பதில்லை. ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, கீழே எழுதியிருப்பார்: "பொம்மை நன்றாகத் தலையாட்டுகிறது. கொலுவுக்குள் வந்திருக்கலாம்."