மொசார்ட் மாத்திரை

1993இல் ‘நேச்சர்’ இதழில் ஒரே பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட்டின் பியானோ இசை கேட்டார்கள். மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படியிருக்கும் என்பது போன்ற புதிர்களைச் சற்று நன்றாக விடுவித்தார்கள். கால்மணி நேரத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனம் கலைந்துவிட்டது.

செய்தி நாளேடுகளின் அச்சுக்கூடம் போய்ச் சேர்வதற்குள் மாணவர்கள் கைக்குழந்தைகள் ஆனார்கள். கால்மணி ஆயுள் முழுக்க நீண்டது. காகித மடிப்பு பேரறிவாகப் பதவி உயர்வு பெற்றது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் கேட்டார். ஆய்வில் ஒரு குழந்தைகூட இல்லை; ஆனாலென்ன, தலைப்பில் இருந்ததே!

1999இல் அதே இதழில் மறுப்பு வந்தது. நாளேடுகளில் மறுப்பென்றால் உள்பக்கம், அரைப் பத்தி. பத்திரிகை தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?