பூட்டனைத் தேடும் படலம்

தமிழ்நாட்டில் தம் வம்சாவளியைத் தேடப் புறப்படுவோர் பெரும்பாலும் விடையை மடியில் கட்டிக்கொண்டுதான் கேள்வியைத் தொடங்குகின்றனர். முன்னோர் ஒருவர் அரண்மனையில் மந்திரியாக இருந்தார், போனால் போகிறது, மன்னர் எழுந்து நின்று வரவேற்கும் அளவுக்கு வேண்டியவராகவாவது இருந்தார் என்பதே அந்த விடை. அதை மெய்ப்பிக்க ஒரு கல்லறையோ பழங்காகிதமோ கிடைத்தால் போதும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. அதே அரண்மனையில் தண்ணீர் சுமந்தவர்களுக்கும் குதிரை லாயம் கூட்டியவர்களுக்கும் சந்ததியே இல்லாமற்போனது எங்ஙனம் என்பது தனி ஆய்வுக்குரியது. எந்தக் குடும்பமும் இதுவரை அவர்களை உரிமை கொண்டாடியதில்லை. ஆவணங்களோ மந்திரிகளைத் தேடி அலைவதில்லை. வரி கட்டியவரையும், கடன்பட்டவரையும், உடன்பிறந்தாரோடு மல்லுக்கு நின்றவரையும்தான் அவை கருத்தாக நினைவில் வைத்திருக்கின்றன. யாரோடும் தகராறின்றி, கைம்மாற்றுக்கூட வாங்காமல் வாழ்ந்து மறைந்த உத்தமர்களைப் பற்றி எழுதிவைக்க யாருக்கும் எந்தக் காரணமும் இருந்ததில்லை.

தேடலின் முதல் தடை பெயரிலேயே நிற்கிறது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரின் முதல் எழுத்தே மகனுக்குத் தலைப்பெழுத்தாகிறது. இதனோடு, பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் மரபும் சேர்ந்துகொள்வதால், முத்துசாமியின் மகன் இராமசாமி, இராமசாமியின் மகன் முத்துசாமி, அவர் மகன் மறுபடியும் இராமசாமி என்று இரண்டே பெயர்கள் தலைமுறை தலைமுறையாக மாறி மாறிக் காவல் காக்கின்றன. பதிவேட்டில் ஒரு முத்துசாமியைக் கண்டெடுப்பவர் இரண்டு தலைமுறை மேலே ஏறினாரா, இரண்டு தலைமுறை கீழே சறுக்கினாரா என்பதை அந்த முத்துசாமியே வந்து சாட்சி சொன்னாலன்றித் தீர்மானிக்க இயலாது.

காலக்கணக்கும் கைகொடுப்பதில்லை. பழைய குறிப்புகளில் ஆண்டு, பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது பெயர்களுள் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கும். அறுபது முடிந்ததும் சுற்று மறுபடியும் தொடங்கிவிடும். ‘தாது வருஷம் ஆவணி மாதம் ஜனனம்’ என்ற குறிப்பு மட்டும் கிடைத்தால், பிறந்தவர் 1876இன் கொடும் பஞ்சத்தில் பிறந்த பூட்டனாரா, 1936இல் பிறந்த அவருடைய பேரனா என்ற ஐயம் எழும். இருவருக்கும் பெயரும் ஒன்றே என்பதை முன்னரே கண்டோம். வாய்மொழி மரபு இதற்கு வேறொரு வழி கண்டது. ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னையில் குண்டு போட்டபோது பாட்டி கைக்குழந்தை என்று ஒருவர் சொன்னால், 1914 செப்டம்பரைக் கொண்டு வயதைக் கணித்துவிடலாம். ஆயினும் எம்டன் வீசிய குண்டுகளைவிட, அன்றைக்குக் கைக்குழந்தைகளாக இருந்ததாகச் சொல்லப்படும் பாட்டிமாரின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம்.

கல்லறைகளைப் பொறுத்தவரை, உடலை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைக்கும் குடும்பங்களுக்கு அந்த வாயில் தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. கிறித்தவக் கல்லறைத் தோட்டங்களிலும், மீசான் கல் எனப்படும் தலைமாட்டுக் கல் நடப்பட்ட இசுலாமிய அடக்கத்தலங்களிலும் தேடுவோர் சற்றுப் பேறு பெற்றவர்கள். ஆனால் அங்கேயும் பாசமே பகையாக நிற்கிறது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளை முன்னிட்டு, முன்னோரிடம் பற்று மிகுந்த குடும்பத்தார் ஆண்டுதோறும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கின்றனர்; அரை நூற்றாண்டு அன்பு எழுத்தின் பள்ளங்களில் படிந்து கெட்டிப்பட்டபின், பெயர் இருந்த இடத்தில் வெண்மை மட்டுமே எஞ்சுகிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் பக்கத்துக் கல்லோ பளிச்சென்று படிக்கக் கிடைக்கும். அது வேறு யாருடைய பூட்டனாருடையதோ. சுண்ணாம்புக்குத் தப்பிய பழங்கல்லில் ஆண்டு தமிழ் எண்களில் இருந்தாலும் இடர்ப்பாடுதான். ஒன்றுக்குரிய குறி ககரத்தையும், ஏழுக்குரியது எகரத்தையும், எட்டுக்குரியது அகரத்தையும் ஒத்திருப்பதால், ௧௮௭௮ என்று வெட்டப்பட்ட 1878ஐ ‘கஅஎஅ’ என்று எழுத்துக்கூட்டிப் படித்து, அது எந்த ஊர் என்று விசாரிப்போரும் உண்டு.

கல் தெளிவாகவே இருந்தாலும் அதன் அடியில் ஆள் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சென்னைக் கோட்டையில் 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி ஆலயத்தைச் சுற்றிப் பழங்கல்லறைக் கற்கள் தரையில் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு உரியவர்கள் துயில்வதோ, இன்றைய உயர்நீதிமன்றப் பகுதியில் இருந்த பழைய இடுகாட்டில். 1758-59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த இடுகாட்டின் கல்லறைகள் பகைவர்க்கு நல்ல மறைவிடமாக அமைந்தமையால், பின்னர் அவை அகற்றப்பட்டுக் கற்கள் மட்டும் ஆலயத்துக்கு வந்து சேர்ந்தன. கடல் கடந்து வந்து அக்கற்களின்மீது மலர் வைக்கும் வழித்தோன்றல்கள் முகவரி மாறிய கடிதத்தைத்தான் அஞ்சலில் சேர்க்கின்றனர்.

கல்லை விட்டுக் காகிதத்துக்கு வந்தால் கிராமப் பிறப்பு, இறப்புப் பதிவேடு முன்னிற்கும். சென்னை மாகாணத்தில் இதற்கென 1899இல் சட்டம் வந்தது. கிராமத் தலைவரே பதிவாளராக இருந்தார். பெயர் சூட்டும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால் அதில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டுமே இருப்பது வழக்கம். நான்கு ஆண்மக்களைப் பெற்ற தந்தைக்கு நான்கு ஆண் குழந்தைகள் பிறந்தன என்பதைச் சட்டப்படி உறுதிசெய்து அப்பதிவேடு ஓய்ந்துவிடும். பிறந்த நாளைப் பின்னர்ப் பள்ளித் தலைமையாசிரியர் வழங்கினார். சேர்க்கைக்கு வேண்டிய ஐந்து வயது நிரம்பும்படி அவர் கணக்கிட்டு எழுதியதனால், ஒரு தலைமுறையே மே, ஜூன் மாதங்களில் மொத்தமாகப் பிறந்திருக்கிறது.

இவற்றையெல்லாம்விட நம்பத்தகுந்த சான்று பாகப்பிரிவினைப் பத்திரம், அதாவது பொதுச் சொத்தைப் பங்காளிகள் தமக்குள் பிரித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்யும் ஆவணம். தகப்பனார் பெயர், அண்ணன் தம்பிகள் அனைவரின் பெயர், மூத்தவர் இளையவர் என்ற வரிசை, வயது, கைநாட்டு என ஒரு வம்சாவளிக்கு வேண்டிய யாவும் அதில் ஒருங்கே அமைந்திருக்கும். கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை நீர் இறைக்கும் முறை, வாசல் தென்னையின் காய் யாருக்கு, பித்தளை அண்டா யாருக்கு என்பவற்றை அது விளக்கும் நுட்பத்தைக் காணுமிடத்து, அந்த அண்டாவைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அதில் சமைத்தவரைப் பற்றித் தெரியவில்லையே என்ற ஏக்கம் பிறக்கும். 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்படும்வரை பூர்விகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை இல்லை. ஆதலின் அத்தைமார் இப்பத்திரங்களில் பிறக்கவே இல்லை. ஒரு குடும்பத்துச் சகோதரர்கள் எல்லாரும் ஒரே காகிதத்தில் ஒன்றுகூடிய நாள் அவர்கள் பிரிந்த நாளாகவே இருப்பது குறிப்பிடத்தக்கது.

ஊரைவிட்டே போனவர்களைப் பற்றி இன்னும் விரிவான செய்தி கிடைக்கும். 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருள் பலர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். தந்தை பெயர், வயது, கிராமம், தாலுகா, உயரம், உடலின் தழும்பு எல்லாம் அதில் பதிவாயின. ஓடிப்போனால் பிடிப்பதற்கென எழுதப்பட்ட அந்த அடையாளமே கொள்ளுப்பேரர்களுக்கு இன்று குடும்பச் சொத்தாகிறது. ஆனால் ஊர்ப்பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியதால், முன்னோரின் முழங்கால் தழும்பு இருக்குமிடம் ஐயமறத் தெரிந்தும் ஊர் இருக்குமிடம் தெரியாமல் திண்டாடுவோர் பலர்.

ஊரைக் கண்டுபிடித்தவர்க்குக் கடைசித் தடை உறவினர். பூட்டனாரின் பெயர் என்ன என்று ஒருவர் தெருவில் இறங்கி விசாரித்த மாத்திரத்தில் காபி வரும், நலம் விசாரிக்கப்படும், உள்ளே பத்திரப் பெட்டியின் பூட்டும் ஒருமுறை இழுத்துப் பார்க்கப்படும். சொத்து வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று அவர் சொல்லச் சொல்ல ஐயம் வலுக்குமேயன்றித் தணியாது. எனவே இத்துறையில் கைதேர்ந்தோர் எதையும் கேட்பதில்லை. நேரே குலதெய்வக் கோயிலுக்குச் சென்று, குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்காகத் தண்டும் தலைக்கட்டு வரியில் தம் குடும்பத்தின் பாக்கி எவ்வளவு என்று வினவுகின்றனர். உடனே பழைய நோட்டுப் புத்தகம் பரணிலிருந்து இறங்கும்; பூட்டனார் பெயர், அவர் தகப்பனார் பெயர், பங்காளிகள் பெயர் எல்லாம் தங்குதடையின்றி வந்து விழும்; அந்தப் பெயர்களுள் மந்திரி ஒருவரும் இருக்கமாட்டார், பாக்கி மட்டும் ரூபாய் அணா பைசா சுத்தமாக இருக்கும்.