அணை நிரம்பினால் கட்சிக்குப் பஞ்சம்

மொழித் தேசியக் கட்சி தொடங்க ஆசைப்படுவோர் மைசூரு மாவட்டத்து வாட்டாள் நாகராஜிடம் பாடம் கேட்கலாம். 1972-ல் கட்சி கண்ட எம்.ஜி.ஆரே அதில் அண்ணா பெயரைத்தான் சேர்த்தார். நாகராஜ் அப்படியெல்லாம் சுற்றி வளைக்கவில்லை: கன்னட சலுவளி வாட்டாள் கட்சி. தலைவர் யார் என்ற கோஷ்டிப் பூசலுக்கு வழியே இல்லை. பதில் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது.

கட்சிக்குத் தொண்டர் அப்புறம். முதலில் எதிரி வேண்டும். அதில் தமிழர்கள் அவருக்குக் குறை வைத்ததில்லை. 2017-ல் ‘பாகுபலி 2’ வரும் நேரம் பார்த்து, அதில் நடித்த சத்யராஜின் பழைய காவிரிப் பேச்சு தூசு தட்டப்பட்டது. சத்யராஜ் வருத்தம் தெரிவித்தார். படம் கர்நாடகத்திலும் பிய்த்துக்கொண்டு ஓடியது. 2023 செப்டம்பர் 29 காவிரி பந்த் அன்று நாகராஜ் பர்தா அணிந்து, காலிக் குடத்தோடு வந்து நின்றார். கேமராக்கள் நிரம்பின, குடம் நிரம்பவில்லை.

இந்தப் பக்கம் மட்டும் சளைத்ததா? ஆதித்தனார் 1958-ல் தொடங்கிய ‘நாம் தமிழர்’, 2010-ல் சீமான் கையில் மறுபிறவி எடுத்தது.

இரு தரப்புக்கும் பொதுப் பகை ஒன்றுதான்: நல்ல மழை. காவிரியின் கிருஷ்ணராஜசாகர் அணை நிரம்பி 124.80 அடியைத் தொட்டுவிட்டால் மண்டியா விவசாயியும் தஞ்சாவூர் விவசாயியும் வயலுக்குப் போய்விடுவார்கள். மைக் பிடித்தவர் பாடுதான் திண்டாட்டம். ஆனாலும் கவலை வேண்டாம். கைவசம் மேகேதாட்டு அணைத் தகராறு இருக்கிறது.