எழுபது எப்போது வரும்?

ஐம்பதைத் தாண்டியவர்கள் பிறந்தநாளை அடக்கி வாசிப்பதுதான் வழக்கம். உள்ளரங்கத் துடுப்புப் போட்டிக்காரர்கள் வேறு ரகம். 69 வயதுக்காரர் எழுபதுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பார். உலகப் போட்டியில் மூத்தவர்களை ஐந்தைந்து வயதாகப் பிரிக்கிறார்கள். 65 வயதுப் பொடியன்களிடம் உதை வாங்கியவர், எழுபது பிறந்ததும் 70–74 பிரிவின் கடைக்குட்டி. அங்கே 74 வயதுப் பெரியவர் ஒருவர் இவர் பிறந்த தேதியை வயிற்றெரிச்சலோடு விசாரித்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் கிடையாது, படகும் கிடையாது. முன்னும் பின்னும் ஓடும் இருக்கை, சங்கிலி கோத்த கைப்பிடி, காற்றைக் கிழித்துச் சுழலும் சக்கரம். அவ்வளவுதான் மெஷின். 2,000 மீட்டர் இழுத்து முடித்தாலும் ஆள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தபின், அந்நாட்டுத் துடுப்பு வீரர்கள் சிலர் பாஸ்டனில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பெயர் ‘சார்லஸ் ரிவர் ஆல்-ஸ்டார் ஹேஸ்-பீன்ஸ்’. சார்லஸ் ஆற்றங்கரையில் கொடிகட்டிப் பறந்து ஓய்ந்தவர்கள் என்று அர்த்தம். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பட்டம். குளிர்கால அலுப்புக்கு மருந்தாக அவர்கள் தொடங்கிய பந்தயம்தான் ‘கிராஷ்-பி’. ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு சுத்தியல்.

மெஷினின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் உண்டு. புதிதாக வருகிறவர் நேரே பத்தில் வைப்பார், ஆண்பிள்ளை அல்லவா! அது காற்று நுழையும் அளவை மாற்றுமே தவிர, கணக்கில் ஒரு மீட்டரும் சேர்க்காது. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நான்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். முன்னேற்றம் என்பதும் லேசில் வராது. 2,000 மீட்டரை 8 நிமிடம் 40 விநாடியில் முடிப்பவர் 8 நிமிடத்துக்கு இறங்க ஆசைப்பட்டால், வேகம் 8 சதவீதம் கூடினால் போதும். ஆனால் இழுக்கும் சக்தி 159 வாட்டிலிருந்து 203-க்கு ஏற வேண்டும். காற்று அப்படிக் கறாராக வசூலிக்கிறது.

அயர்லாந்தின் ரிச்சர்ட் மார்கனைக் கேட்டால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்பார் போலிருக்கிறது. ரொட்டி சுட்டவர், பேட்டரி செய்தவர். 73 வயதில், பேரனின் பயிற்சியைப் பார்க்கப் போன இடத்தில் மெஷினில் உட்கார்ந்தவர், பிறகு நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். 92 வயதில் லிமரிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் இவரை இழுக்கவைத்தபோது, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 153 வரை போனது. 220-இலிருந்து வயதைக் கழி என்ற பழைய கணக்குப்படி 128-இலேயே நின்றிருக்க வேண்டும்.

பந்தய நாளில் திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டிப் படகு ஓடும். சீராக இழுப்பது என்று நம் எழுபது வயதுக்காரர் வீட்டில் போட்ட திட்டம், பக்கத்து மெஷின்காரரின் படகு அரை அங்குலம் முந்தியதும் காற்றில் போகும். முதல் 500 மீட்டர் சிங்கம். மூன்றாவது 500-இல் தொடை எரிகிறது, வாய் பிளக்கிறது. இந்த வயதில் இது தேவையா என்று மனைவி கேட்டது நினைவுக்கு வருகிறது. கடைசி இழுப்பு முடிந்ததும் இருக்கையிலிருந்து சரிந்து தரையில் மல்லாந்துவிடுகிறார். உதவியாளர் ஓடிவந்து தண்ணீர் நீட்டுகிறார். அதை ஒதுக்கிவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் பக்கத்து மெஷினைக் காட்டிக் கேட்கிறார்:

“அவன் எவ்வளவு?”