தலையைக் கொடுத்தவரும் தலை சுற்றியவர்களும்

தென்மேற்குச் சீனாவில் யாங்சி ஆறும் சியாலிங் ஆறும் கூடும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு பாறை மேடு கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் வரிசை கட்டி ஓடும் மலைத்தொடர்கள். கோலி ஆடக்கூடச் சமதளம் கிடையாது. கோலி உருண்டால் யாங்சியில் இறங்கித்தான் தேட வேண்டும். புத்தியுள்ளவன் அங்கே கொட்டகை போடக்கூட யோசிப்பான். அங்கேதான் சோங்சிங் மாநகரம் நிற்கிறது.

அந்த ஊரின் சரித்திரம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கதை என்னவோ ஒன்றேதான். யாராவது ஒரு பெரிய மனிதர் பெரிய திட்டத்தோடு வருவார். மேட்டைப் பார்ப்பார். மூச்சு வாங்கும். திட்டத்தை மாற்றிக்கொள்வார். மாற்றிக்கொள்ளாத சிலர் உயிரை விட்டார்கள்.

ஆதியில் அங்கே ஆண்டவர்கள் பா நாட்டார். முரட்டு ஆட்கள். போர்க்களத்தில் ஆடிப் பாடிக்கொண்டே முன்னேறுவார்கள் என்று பழைய சீன ஏடுகள் சொல்கின்றன. எதிரிக்கு எது அதிகக் கஷ்டம் தந்தது, ஆட்டமா பாட்டா என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த நாட்டில் ஒரு சமயம் உள்நாட்டுக் கலகம் வெடித்தது. தளபதி பா மான்சி பக்கத்திலிருந்த சூ நாட்டிடம் படை கேட்டுப் போனார். படை தருகிறோம், பதிலுக்கு மூன்று ஊர்களைத் தா என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். படை வந்தது, கலகம் அடங்கியது, பின்னாலேயே சூ நாட்டுத் தூதரும் வசூலுக்கு வந்துவிட்டார்.

சாதாரண ஆளாக இருந்தால் வீட்டில் இல்லை என்று சொல்லியனுப்பியிருப்பார். பா மான்சி வேறு ரகம். சொன்ன சொல்லையும் மீற முடியாது, சொந்த மண்ணையும் விட முடியாது, ஆகவே தலையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி, தானே வெட்டிக் கொடுத்துவிட்டார். தூதர் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பது உண்மைதான். சூ மன்னர் கண் கலங்கி அந்தத் தலையை ராஜ மரியாதையோடு அடக்கம் செய்தாராம். உடலை பா நாட்டார் அடக்கம் செய்தார்கள். அவருடையது என்று சொல்லப்படும் கல்லறை இன்றும் சோங்சிங்கின் நடுவே, கட்டடங்களுக்கு மத்தியில் இருக்கிறது.

சூ நாட்டு ராஜாக்களுக்கு நிலம் வாங்கும் ராசியே கிடையாது. பிற்பாடு சின் நாட்டு மந்திரி சாங் யீ, இன்னொரு சூ மன்னரிடம் 600 லீ நிலம் தருவதாக ஆசை காட்டினார். கூட்டாளி நாட்டோடு உறவை முறித்துவிட்டு மன்னர் நிலத்தைக் கேட்டபோது, 600 என்றா சொன்னேன், 6 அல்லவா சொன்னேன் என்று கையை விரித்துவிட்டார் சாங் யீ. சீனச் சரித்திரத்தின் தலைசிறந்த ரியல் எஸ்டேட் தரகர் அவர்தான். சோங்சிங்குக்கு முதன்முதலில் மதில் எழுப்பியவரும் இதே ஆசாமி. பா நாடும் பக்கத்து ஷூ நாடும் சண்டை போட்டுக்கொண்டு சின் நாட்டை உதவிக்குக் கூப்பிட்டன. பூனைகள் அப்பம் பங்குபோடக் குரங்கைக் கூப்பிட்ட கதைதான். கி.மு. 316-இல் சின் படை வந்து முதலில் ஷூவை விழுங்கியது, பிறகு பாவையும் விழுங்கியது, அப்புறம் நிதானமாக மதில் கட்ட உட்கார்ந்தது.

அடுத்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளை ஒரே தாவாகத் தாவிவிடலாம், பெரிதாக நஷ்டம் இல்லை. 1189-இல் இந்த வட்டாரத்துக்கு இளவரசராக இருந்தவர் சோங் பேரரசராகவும் முடிசூடினார். இரட்டை யோகம் அடித்த சந்தோஷத்தில், இரட்டை மங்கலம் என்று பொருள்படும்படி ஊருக்குப் பேர் வைத்தார். யோகம் அத்தோடு சரி. மனைவியிடம் நடுங்கி, மனநிலை கெட்டு, பெற்ற தகப்பனின் ஈமச் சடங்குக்குக்கூடப் போகாமல் இருந்து, 1194-இல் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். பேர் மட்டும் நின்றுவிட்டது.

இனி வருவதுதான் அசல் கதை. செங்கிஸ்கானின் பேரன் மோங்கே கான். அன்றைய தேதியில் உலகத்தில் அவரைவிடப் பெரிய நிலச்சுவான்தார் கிடையாது. தம்பி ஹுலாகு 1258-இல் பாக்தாத்தைத் தரைமட்டமாக்கிவிட்டு சிரியா பக்கம் போய்க்கொண்டிருந்தார். இன்னொரு தம்பி குப்லாய் சீனாவின் நடுப்பகுதியில் போரிட்டுக்கொண்டிருந்தார். தம்பிகளுக்கு மட்டுமா பேர் என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணன் தாமே படையோடு சிச்சுவானுக்குள் நுழைந்தார். கோட்டைகள் வரிசையாக விழுந்தன. சோங்சிங்குக்கு மேலே, மூன்று ஆறுகள் கூடுகிற இடத்தில் தியாவ்யூ என்ற குன்றுக்கோட்டை மட்டும் குறுக்கே நின்றது. தியாவ்யூ என்றால் மீன் பிடிப்பது. உலகை நடுங்கவைத்த படையை மறித்த கோட்டைக்கு இப்படி ஒரு பேர்.

1259 தொடக்கத்தில் முற்றுகை ஆரம்பித்தது. மங்கோலியர்கள் குதிரையில் பிறந்து குதிரையில் வளர்ந்தவர்கள். செங்குத்துப் பாறையில் குதிரை என்ன செய்யும்? மேலே, 1243-இலேயே திட்டம் போட்டுக் கட்டிய கோட்டைக்குள் வயலும் இருந்தது, குளமும் இருந்தது. மாதங்கள் போயின. ஒரு நாள் மதில் மேலிருந்து பெரிய பெரிய மீன்களும் நூற்றுக்கணக்கில் மாவுப் பணியாரங்களும் கீழே விழுந்தன என்று உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள். இன்னும் பத்து வருஷம் இருந்தாலும் எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை, பாவம் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அதற்கு அர்த்தம்.

அதற்குள் கோடை வந்துவிட்டது. அங்கேதான் கான் கோட்டைவிட்டார். வெயில் தொடங்கினால் குளிர்ச்சியான இடத்துக்குப் போய்விடுவது மங்கோலிய வழக்கம். இவர் ரோஷத்தில் கிளம்பவில்லை. சிச்சுவான் படுகையின் கோடையை வெறும் வெயில் என்று நினைக்கக் கூடாது. நான்கு பக்கமும் மலை மறித்து நிற்பதால் காற்று உள்ளே வராது. ஆற்று ஈரம் வெளியே போகாது. ராத்திரியிலும் புழுங்கும். பாசறையில் வாந்திபேதி புகுந்தது. ஆகஸ்டில் மோங்கே கான் செத்துப்போனார். நோயில் என்கிறது ஒரு கட்சி. மதில் மேலிருந்து வந்த கல் பட்டு என்கிறது இன்னொரு கட்சி. அம்பு என்பவர்களும் உண்டு. என் ஓட்டு புழுக்கத்துக்கு.

பெரியவர் போனதும் என்ன நடக்கும்? சொத்துச் சண்டைதான். குப்லாயும் கடைசித் தம்பி அரிக் புகாவும் நான்கு வருஷம் அடித்துக்கொண்டார்கள். சேதி கேட்ட ஹுலாகு, சிரியாவில் சின்னப் படையை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினார். 1260 செப்டம்பரில் ஐன் ஜாலூத்தில் எகிப்திய மம்லூக்குகள் அந்தப் படையை நொறுக்கினார்கள். சிச்சுவானில் ஒருவருக்கு வயிறு கலங்கியதில் கெய்ரோ தப்பியது என்று சொன்னால், ஆராய்ச்சியாளர்கள் இன்னும் நாலு காரணங்களோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். கோட்டையோ 1279 வரை நின்றது. உள்ளே இருப்பவர்களைக் கொல்லக் கூடாது என்று பேசி முடித்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

பிறகு 1360-களில் மிங் யூசென் என்ற ஒற்றைக்கண் கலகக்காரர் சோங்சிங்கைத் தலைநகராக்கித் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். அந்தப் பேரரசுக்கு ஆயுள் பத்து வருஷம்கூட இல்லை. 1371-இல் மகன் சரணடைந்து, அடுத்த ஆண்டு கொரியாவுக்கு அனுப்பப்பட்டான். வென்றவர்கள் புது மதில் கட்டி அதில் பதினேழு வாசல் வைத்தார்கள். அதில் எட்டு வாசல் எப்போதும் பூட்டியே கிடக்கும். சாஸ்திரக் கணக்கு அப்படியாம். திறந்திருந்த ஒன்பதில் தரைப்பக்கம் போவது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் ஆற்றுக்கு. இரண்டு ஆறு ஓடியும் வாசலில் தண்ணீர் கிடையாது. படியேறித் தோளில் சுமந்துதான் வரவேண்டும். அந்த மூங்கில் கழி சுமைக்காரர்கள்தான் ஊரை உண்மையில் தாங்கியவர்கள். நேற்றுவரை பாங்பாங் என்று கூப்பிட்டால் நாலைந்து பேர் ஓடி வருவார்கள்.

அப்புறம் வந்தார் ஆர்ச்சிபால்ட் லிட்டில் என்ற ஆங்கிலேய வியாபாரி. யாங்சியின் மலைக்கணவாய் வழியாக நீராவிக் கப்பல் விட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதிகாரிகளுக்கு இஷ்டமில்லை. கணவாயின் குரங்குகள் கப்பல் மேல் கல்லெறியும், வெள்ளைக்காரர் மண்டை உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்றார்களாம். சாக்குச் சொல்வதிலும் ஒரு கலை வேண்டும். கடைசியில் 1898-இல் லீச்சுவான் என்ற சின்னக் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார். அந்த நவீன யந்திரத்தையும் நீர்ச்சரிவுகளில் கூலியாட்கள் கயிறு கட்டி இழுத்துத்தான் மேலே ஏற்றினார்கள்.

1937-இல் ஜப்பான் படை நெருங்கியதும் சியாங் கை-ஷெக் அரசாங்கம் மூட்டை கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தது. கணவாயைத் தாண்டித் தரைப்படை வர முடியவில்லை, விமானங்கள் வந்தன. விமான நிலையமோ யாங்சியின் மணல் திட்டில் இருந்தது. வெள்ளம் வந்தால் ஓடுபாதை தண்ணீருக்குள். தண்ணீர் வடிந்த நாளில் வந்து இறங்கும் பிரமுகர்கள் நூற்றுக்கணக்கான படிகளைப் பல்லக்கில் ஏறிக் கடந்தார்கள். 1939 ஆகஸ்டில் நேரு அங்கே விருந்தாளி. குண்டுவீச்சுக்குப் பயந்து சுரங்கத்தில் பதுங்கும் உபசாரம் அவருக்கும் கிடைத்தது. குளிர்காலத்தில் மூடுபனி ஊரைப் போர்த்திவிடும், குண்டு போட வருபவனுக்கு ஊரே தெரியாது. சீனப் பெருநகரங்களிலேயே வெயில் முகம் மிகக் குறைவாகக் காணும் ஊர்களில் ஒன்று இது. அந்தக் குறையே அன்று காப்பாக நின்றது. ஆனால் பனி கோடையில் இருக்காது. 1941 ஜூன் 5 இரவு ஒரு சுரங்கத்துக்குள் அடைந்து கிடந்தவர்கள் மூச்சுத் திணறிக் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். அந்த இரவைப் பற்றி வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

1997-இல் மத்திய அரசு சோங்சிங்கை சிச்சுவானிலிருந்து பிரித்து நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டது. அப்போது சுற்றியிருந்த மலை, வயல், எருமை எல்லாவற்றையும் சேர்த்து நகரம் என்று எழுதிவிட்டார்கள். 82,400 சதுர கிலோமீட்டர், சுமார் 3.2 கோடி ஜனம். ஏறத்தாழ ஆஸ்திரியா அளவுக்கு ஒரு மாநகராட்சி! உலகின் மிகப் பெரிய நகரம் என்று யாராவது மார்தட்டினால் எருமைகளையும் சேர்த்துத்தானே என்று கேளுங்கள்.

உள்ளே போனால் தலை சுற்றும். பாய்ஷியாங்சூ குடியிருப்பு 24 மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடியில் ஒரு தெரு, பத்தாவதில் ஒரு தெரு, பதினைந்தாவதில் இன்னொரு தெரு, அப்புறம் லிஃப்ட் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். லீசிபாவில் மோனோ ரயில் 19 மாடிக் கட்டடத்தின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வருகிறது. ஹோங்யான்சுன் மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே 116 மீட்டர். தரை என்றால் எந்தத் தரை என்பதுதான் கேள்வி. வழிகாட்டும் செயலி சேர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லும். போக வேண்டிய கடை தலைக்கு நேர் மேலே இருபது மாடி உயரத்தில் இருக்கும்.

கோடை மட்டும் மோங்கே காலத்திலிருந்து திருந்தவில்லை. 2022 ஆகஸ்ட் 18 அன்று பெய்பெய் பகுதியில் 45 டிகிரி. பழைய பதுங்குசுரங்கங்களைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் பாயும் விசிறியுமாகக் குளிர்காய, இல்லை, வெயில்காயாமல் இருக்கப் போய் உட்கார்ந்தார்கள். வேறு சில சுரங்கங்களில் எப்போதோ ஹாட்பாட் கடைகள் வந்துவிட்டன. படகுக்காரர்களும் சுமைக்காரர்களும் மலிவாகக் கிடைத்த மாட்டுக் குடலை வேகவைத்துத் தின்று தொடங்கிய சாப்பாடு அது. மாட்டுக் கொழுப்பு, வரமிளகாய், நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு எல்லாம் சேர்ந்து ஒன்பது கட்டம் போட்ட சட்டியில் சிவப்பாகக் கொதிக்கும். உடம்பின் ஈரம் வியர்வையாகப் போய்விடும் என்று ஜூலையிலும் அதன் முன்னால்தான் உட்காருவார்கள். குடலைப் போட்டுவிட்டு மறந்தால் ரப்பர். குச்சியில் பிடித்து ஏழு முறை மேலே, எட்டு முறை கீழே முக்கி எடுக்க வேண்டும் என்பது உள்ளூர்ச் சட்டம். அந்த ஊரில் மாட்டுக் குடலுக்குக்கூட ஏறி இறங்காமல் விமோசனம் இல்லை.