கையடக்கக் கேமராவும் கைக்கடங்காத துணைக்கருவிகளும்: ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

களமும் கருதுகோளும்

புதிதாக வாங்கிய கையடக்க டிஜிட்டல் கேமரா ஒரு குடும்பத்தில் உண்டாக்கும் விளைவுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தமிழில் இத்துறையில் முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை. ஆய்வுக்களம், கும்பகோணத்தில் என் பெரியப்பா வீடு. அவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். செல்போனில் எடுத்த படம் செல்போனோடு போய்விடும் என்பது அவர் கட்சி. ஆகவே படத்துக்கென்று தனியாக ஒரு கேமரா வாங்கினார். ஆய்வு முறை எளியது: ஊஞ்சலில் உட்கார்ந்து கவனிப்பது, கேள்வி வந்தால் ‘எனக்கும் தெரியலை பெரியப்பா’ என்று சொல்லிக் களத்தின் தூய்மையைக் காப்பது.

கோட்பாட்டுக்காக மேலைநாட்டு அறிஞர் எவரையும் தொந்தரவு செய்யவில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு வகுத்துக் கொடுத்திருக்கிறார். பெட்டியின் செலோடேப்பைக் கிழித்தது முதல் ஒரு வெளியூர்க் கல்யாணம் வரைக்குள் எட்டும் அக்குடும்பத்தில் தலைகாட்டிவிட்டதால் வேறு கோட்பாடு தேவைப்படவில்லை.

கருதுகோள் இது: கேமரா வாங்குபவர் பழகிக்கொள்வது துணைக்கருவிகளோடுதான். கேமரா அவற்றுக்கு ஒரு சாக்கு.

முன்வரலாறு

இது இன்று நேற்று வந்த நோயன்று. 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவே துணைக்கருவிகளின் கூட்டம்தான். லென்ஸ், ஒரு மூவி கேமராவிலிருந்து எடுத்தது. மின்சாரத்துக்குப் பதினாறு பேட்டரி. படத்தைச் சேமிக்க ஒரு கேசட் டேப். பார்ப்பதற்குத் தனியே ஒரு டிவி. மொத்த எடை 3.6 கிலோ. பத்தாயிரம் புள்ளிகளே கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை டேப்பில் ஏற்ற 23 நொடி ஆயிற்று. அதைச் சட்டைப் பைக்குள் வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த அளவில் அது நேர்மையான கருவி.

1995இல் வந்த கேஸியோ க்யூவி-10 முதுகில் ஒரு சிறு திரையோடு வந்தது. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கலாம் என்ற நிலை அதிலிருந்து பரவியது. ‘காட்டு, காட்டு’ என்று நாலு பேர் தோளில் சாய்கிற பழக்கமும், ‘என் கண்ணு மூடியிருக்கு, இன்னொண்ணு எடு’ என்ற ஆணையும் அந்தத் திரையின் வழிவந்தவையே.

பெட்டி திறப்புப் படலம்

பெட்டியிலிருந்து வெளிவந்தவை, வந்த வரிசையிலேயே: பல மொழிகளில் எச்சரிக்கைத் தாள்கள், வாரண்டி அட்டை, சார்ஜர், கேபிள், பேட்டரி, கைவார், சிலிக்கா ஜெல் பொட்டலம். கேமரா கடைசியில் வந்தது. இதைக் கருதுகோளுக்கு முதற்சான்றாகக் கொள்க.

சிலிக்கா ஜெல்லைப் பெரியம்மா ஜவ்வரிசி என்று நினைத்தார். உண்ணக்கூடாது என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததே ஒழிய, எதற்கு இருக்கிறது என்று எந்த மொழியிலும் இல்லை. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். ஈரம் மிகுந்த ஊர்களில் அலமாரிக்குள் நாள் கணக்கில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும். பெட்டியில் இருந்தவற்றிலேயே நம் ஊருக்கு மிகவும் வேண்டியது அதுதான். அதுதான் முதலில் குப்பைக்குப் போனது.

அடுத்து, திரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள். இவ்விஷயத்தில் அறிஞரிடையே இரு கட்சி உண்டு: உரிப்போர், உரியாதோர். டிவி ரிமோட்டைப் பாலிதீன் உறைக்குள் வைத்து ரப்பர் பேண்ட் போடுகிற வீடு எந்தக் கட்சியைச் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரியப்பாவின் பேரன் உரிப்போர் கட்சிக்காரன். அவன் ஒரு மூலையைக் கிளப்பினான். அவர் தட்டி அமுக்கினார். அந்த மூலையில் உண்டான காற்றுக்குமிழி இன்றும் இருக்கிறது. அவ்வீட்டார் எடுக்கும் எல்லாப் படத்திலும், பார்க்கும்போது, வலது மூலையில் ஒரு நிலா தெரிகிறது.

பெட்டியில் இல்லாதது ஒன்று உண்டு: மெமரி கார்டு. அது இல்லாமல் கேமரா ஓடாது. ஆனால் கூட வராது. மறுபடி கடைக்குப் போய் 32 ஜிபி கார்டு வாங்கி வந்து கணினியில் போட்டால் 29.8 என்று காட்டியது. நாற்பது வருஷம் பேரேடு பார்த்தவருக்கு இது போதாதா? ‘ரெண்டு ஜிபி எங்கடா போச்சு?’ இது வெகுளி. கார்டு செய்கிறவர் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார். கணினியோ 1024ஐ மூன்று முறை பெருக்கி வருவதை ஒரு ஜிபி என்கிறது. இரண்டு படியால் அளந்தால் நெல் எப்படிச் சரியாக வரும்? ‘எல்லா கார்டும் அப்படித்தான் சார்’ என்று கடைக்காரர் சொன்னதும் உண்மையே. ஆனால் திருடனும் அதைத்தான் சொல்வான் என்று பெரியப்பா கருதினார்.

கார்டின் ஓரத்தில் மிகச்சிறிய பிளாஸ்டிக் தள்ளுதாழ் ஒன்று உண்டு. உறையிலிருந்து எடுக்கும்போது நகம் பட்டு அது கீழே இறங்கிவிட்டது. கேமரா, கார்டு பூட்டியிருக்கிறது என்று திரையில் அறிவித்தது. சாவி எங்கே என்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். இது மருட்கை. அந்தத் தாழுக்கும் கார்டின் உள்ளே இருக்கும் சில்லுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதை ஆய்வுலகம் அறிய வேண்டும். தாழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேமராவுக்குள் உள்ள ஒரு சிறு ஸ்விட்ச் தடவிப் பார்க்கிறது. அதை மதிப்பதும் மதிக்காததும் கருவியின் பண்பைப் பொறுத்தது.

கைவார் கோர்த்தல்

இப்பகுதியை விரிவாகப் பதிவு செய்யக் காரணம், அன்றைய நிகழ்வுகளில் மனிதத் திறமை தேவைப்பட்டது இதில் மட்டுமே. கேமராவின் பக்கவாட்டில் ஒரு துளை. அதில் கைவாரின் மெல்லிய நூல் வளையத்தை விட்டு மறுபக்கம் எடுத்து, வாரை அதனுள் நுழைத்து இழுக்க வேண்டும். நூல் உள்ளே போகும், வெளியே வராது. துளை வளைந்திருப்பதால் முனை எங்கேயோ முட்டி மடங்கிக்கொள்ளும். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், எச்சில் தொட்டு முறுக்கினார், குண்டூசியால் குத்தினார். பேரன் மறுபக்கத்திலிருந்து டார்ச் அடித்தான். இளிவரல்.

சமையலறையிலிருந்து பெரியம்மா வந்தார். ‘குடுங்க இங்க. நாடா கோத்த கைக்கு இது ஒரு வேலையா?’ தையல் நூலைச் சிறு துண்டாக வெட்டி வளையத்தின் நுனியில் கட்டினார். நூலின் மறுமுனையைத் துளையில் விட்டு, தலைமுடி ஊசியால் நெம்பி வெளியே எடுத்து இழுத்தார். வளையம் பின்னாலேயே வந்தது. பிறகு கை துடைத்துக்கொண்டு குழம்பைப் பார்க்கப் போனார். கையேட்டில் இந்த இடத்தில் ஒரு படமும் ஓர் அம்புக்குறியும் மட்டுமே உள்ளன.

அரை அழுத்தச் சிக்கல்

முதல் படம் சாமி படமாக இருக்க வேண்டும் என்பது மரபு. பூஜை மாடத்துப் பிள்ளையாரைக் கண்ணாடிச் சட்டத்தோடு எடுத்தார்கள். ஃப்ளாஷ் தானாக எரிந்தது. பிள்ளையாரின் தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெடிப்பு. அதன் பின்னே கேமராவைப் பிடித்திருக்கும் பெரியப்பாவின் நிழல். ‘ஒளி தெரியுது பாரு’ என்றார் பெரியம்மா பக்தியோடு. கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தால் ஒளி வேறு திசைக்குத் திரும்பியிருக்கும். அந்த உவகையைக் கெடுக்க ஆய்வாளர் விரும்பவில்லை.

குடும்பப் படம்தான் உண்மையான சோதனை. கேமராவின் பொத்தானைப் பாதி அமுக்கினால் அது தூரத்தையும் வெளிச்சத்தையும் அளந்து பூட்டிக்கொண்டு ‘பீப்’ என்னும். முழுதும் அமுக்கினால்தான் படம். இது அமுக்குபவருக்குத் தெரியலாம், நிற்பவர்களுக்குத் தெரியாது. பீப் சத்தம் கேட்டதும் சித்தப்பா மூச்சை விட்டு வயிற்றைத் தளர்த்தினார். திரும்ப நிறுத்தினார்கள். கூடம் இருட்டு என்பதால் அளவெடுக்க ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அதைப் படம் என்று நினைத்து அத்தை நகர்ந்தார். மூன்றாம் முறை முன்னோட்டமாக ஒரு வெளிச்சம் வந்தது. முடிந்தது என்று எல்லோரும் கண்ணைச் சிமிட்ட, அந்த நொடியில்தான் அசல் ஃப்ளாஷ் அடித்தது.

அந்த முன்வெளிச்சம் வீணுக்கு வைத்ததன்று. இருட்டில் கண்ணின் பாவை விரிந்திருக்கும். சிறிய கேமராவில் ஃப்ளாஷும் லென்ஸும் ஒட்டி உறவாடுவதால், ஃப்ளாஷின் ஒளி கண்ணுக்குள் புகுந்து, பின்புறத்து இரத்தச் சிவப்பில் பட்டு நேரே லென்ஸுக்கே திரும்புகிறது. ஆளெல்லாம் செங்கண்ணராகத் தெரிவது அதனால்தான். முதலில் ஒரு வெளிச்சம் காட்டினால் பாவை சுருங்கும், சிவப்பு குறையும். கண்ணையே மூடிவிட்டால் சிவப்பு அறவே இராது. அவ்வகையில் அன்றைய படம் தொழில்நுட்ப ரீதியில் குறையற்றது. நகை.

எண்களும் அளவுகளும்

விவரத்தாளில் சென்சாரின் அளவு 1/2.3 அங்குலம் என்றிருந்தது. பெரியப்பா ஸ்கேலை எடுத்துக் கணக்குப் போட்டு 11 மில்லிமீட்டர் என்றார். சென்சாரின் மூலைவிட்டம் ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர்தான். பழைய டிவி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு இது; குழாய் ஒழிந்தும் கணக்கு ஒழியவில்லை. ஓர் அங்குலச் சென்சார் என்று அதிக விலைக்கு விற்பதன் மூலைவிட்டமும் 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. போலி ஆய்வுக் கட்டுரை எழுத வருகிறவனுக்கு இத்தொழில் வேலையே மிச்சம் வைக்கவில்லை.

பெரியப்பாவுக்குப் பிடித்தது ஒன்றும் இருந்தது. படங்கள் டிசிஐஎம் என்ற உறைக்குள் நாலெழுத்து, நாலு எண் எனப் பெயர் சூட்டப்பட்டு உட்கார்ந்திருந்தன. 1998இல் ஜப்பானில் வகுத்த விதிப்படி எந்த நிறுவனத்துக் கேமராவும் இம்முறையையே கடைப்பிடிக்கிறது. 9999க்குப் பிறகு மறுபடி 0001. ‘பதிவேடு மாதிரியே வச்சிருக்கான்’ என்று நோட்டு ஒன்றுக்குக் கோடு போட்டு, எண், பொருள், குறிப்பு எனத் தலைப்பிட்டு எழுதத் தொடங்கிவிட்டார். பெருமிதம். அதுவும் கணினி திறக்கும்வரைதான். கேமரா முதலில் கேட்ட தேதியை ‘அப்புறம் பாக்கலாம்’ என்று தள்ளிவிட்டதால், படங்கள் எல்லாம் பல ஆண்டுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியில் எடுக்கப்பட்டிருந்தன. தேதி வரிசையில் அடுக்கியபோது, போன மாதம் பிறந்த பேத்தி தன் அப்பாவின் கல்யாணத்துக்கு முந்தி வந்து நின்றாள். அழுகை.

அடுத்த முகூர்த்தத்தில் வேறொரு உண்மை தெரிந்தது. கேமராவை முக்காலியில் நிறுத்தி வீடியோ ஓடவிட்டு எல்லோரும் அட்சதை போடப் போனார்கள். அது 29 நிமிடம் 59 நொடியில் தானே நின்றுகொண்டது. தாலி கட்டியது அதற்கப்புறம். 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் சுங்கவரி விதிப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கமாக இருந்தது. அதற்குத் தப்பத் தயாரிப்பாளர்கள் ஒரு நொடி குறைத்து வைத்தார்கள். கும்பகோணத்தில் ஒரு மாங்கல்யதாரணம் பதிவாகாமல் போனதற்குக் காரணம் பிரசெல்ஸில் இருக்கிறது.

துணைக்கருவிப் பெருக்கம்

கூட இன்னொரு பேட்டரி, கார்டு ரீடர், துடைக்கும் துணி, முக்காலி, ஒரு பவுச். பவுச்சில் கேமரா மட்டும் அடங்கும். மற்றவற்றுக்கு ஒரு பை. அந்தப் பையில் பவுச்சுக்கும் இடம் இருந்ததால் அதுவும் உள்ளே போயிற்று. முக்காலியில் மாட்டினால் பேட்டரி மூடி திறக்காது, ஏனெனில் திருகு துளை மூடியை ஒட்டியே இருக்கிறது. வெளியூர்க் கல்யாணத்தில் பை மண்டபத்து அறையில் பூட்டிக் கிடந்தது. திருட்டு அச்சம். மணமேடையில் எல்லோரும் செல்போனில் எடுத்தார்கள்.

மறுப்புரையும் முடிவும்

பின் செல்போன் போதாதா என்று கேட்பர். உலகமே அப்படித்தான் கேட்டது. 2010இல் ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட கையடக்கக் கேமராக்கள் 2023இல் இருபது லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. ஆனாலும் லென்ஸ் உண்மையிலேயே நீண்டு சுருங்கும் ஜூமும், கூட்டத்தை ஒரே அடியில் உறைய வைக்கும் ஃப்ளாஷும் சட்டைப் பைக்குள் வேறெதிலும் எளிதில் கிடைப்பதில்லை. கேமரா நல்ல கருவி. அதைத் துணைக்கருவிப் பைக்குள் பூட்டி வைப்பதுதான் தப்பு. இது ஆய்வாளரின் தீர்ப்பு.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையிலேயே கார்டைப் போட்டு, தேதியைத் திருத்தி, ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கையேட்டைப் பிறகு படிக்கலாம். சிலிக்கா ஜெல்லை எறிய வேண்டாம். பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சானது. வாரண்டி முடிவதற்குள் எழுத்து மறைந்துவிடலாம். அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், இல்லையென்றால் புதுக் கேமராவிலேயே அதை ஒரு படம் எடுத்து வையுங்கள்.